சுவர்மேல் அமர்ந்த அவை

ஆனி 3, செவ்வாய்

"பூலாங்காட்டுப் பெருமக்களே! மலையடிவாரத்தில் மானத்தோடு வாழப் பிறந்த என் உடன்பிறப்புகளே! நம் கூரை நமக்கு உரியதா, குரங்குக்கு உரியதா? நம் உலையில் வெந்த சோற்றை நாம் உண்பதற்குக் கதவைத் தாழிட்டு, சாளரத்துக்குக் கம்பிவலை அடித்து, கையில் கோலோடு அமரவேண்டிய இழிநிலையை நமக்குத் தந்தவர் யார்? அருவியில் குளிக்க வருகிறோம் என்று மகிழுந்தில் வந்திறங்கி, வளைவுக்கு வளைவு வாழைப்பழத்தை வீசிவிட்டுச் சிரித்த முகத்தோடு ஊர் திரும்புகிறார்களே, அவர்கள்! விலங்கைக் கையேந்தப் பழக்கியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்துக்கு வாசல்தோறும் தண்டம் கட்டுபவர்கள் நாம்!"

தொடக்கம் இவ்வாறு அமையும். "நாம்" என்னும் இடத்தில் கைத்தட்டலுக்காகச் சற்று நிறுத்த வேண்டும்.

மளிகைக் கடைக் குத்தாலிங்கம் இன்று காலை வீடு தேடி வந்தார். இம்மாதம் 22, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கடைத்தெருவில் கண்டனக் கூட்டமாம். குரங்குகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு மலையில் விட வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டத்துக்கு அமைப்பாளர் அவர், தலைமையுரை நான்.

"அண்ணாச்சி, நீங்க மைக்கப் புடிச்சா ஃபாரஸ்ட் ஆபீசுல கண்ணாடி விரியணும். ஆனா ஒண்ணு. போன தடவ மாதிரி சங்க காலத்துலேருந்து ஆரம்பிச்சிராதீங்க. சனம் வீட்டுக்குப் போவணும்லா?"

போன தடவை என்று அவர் குறித்தது எந்த ஆண்டை என்று நான் கேட்கவில்லை. அண்மைக் காலமாக மேடைகளை நானே சற்றுக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கடையில் இரண்டு படி பொரியும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் வாங்கினேன். "ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் பொரி?" என்றார். மாலைச் சிற்றுண்டி என்றேன்.

ஐந்து மணிக்குப் பின்கட்டில் ஒத்திகை. அவை நிறைந்திருந்தது.

ஆனி 5, வியாழன்

இரவெல்லாம் சாரல். அடுக்களைக் கூரையில் இரண்டு ஓடுகள் நகர்ந்திருந்தன. ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தேன். வேட்டிகள் காயவில்லை.

என் இல்லாள் இருந்தவரை ஒத்திகைக்கு அவளே அவை. அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். பிடிக்காத இடத்தில் புடைப்பதை நிறுத்திவிடுவாள். அவள் மறைந்து ஆறாண்டு ஆகின்றது. இப்போது பின்சுவரின்மேல் வந்து அமர்பவை வேறு உயிர்கள். முன்வரிசையில் காது கிழிந்த கிழவன். அவன் தலைவன். அவனுக்கு வலப்புறம் வயிற்றில் குட்டியைக் கட்டிய தாய்மார். கடைசியில், முருங்கைக் கிளையில், ஒருவரையொருவர் வாலைப் பிடித்திழுக்கும் இளையோர். எந்த ஊர்க் கூட்டத்திலும் அவர்கள் இருப்பார்கள். உரை முடியும்வரை ஒன்றும் அசையாது. குரல் ஏறும்போது அவற்றின் புருவம் ஏறுகின்றது. மனிதர் அவை இத்தனை ஊன்றிக் கேட்டு நான் கண்டதில்லை.

முடிந்ததும் பொரியை அள்ளித் தூவுகிறேன். இதைச் சாலையில் பழம் வீசுவோரின் செயலோடு ஒப்பிடக் கூடாது. அது வேடிக்கை. இது, பொழுதைச் செலவிட்டுக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பாத அவைப்பண்பு.

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். பீடி சுற்றிப் பிழைப்பவள், தனியாள், வாயாடி.

"அண்ணாச்சி, மீட்டிங் முடிஞ்சிட்டா? நான் வெளிய வரலாமா?"

"வரலாம் தாயே, வரலாம்!"

"நன்றியுரை சொல்லலியே!"

நகைச்சுவை உணர்வு மிக்கவள்.

ஆனி 8, ஞாயிறு

உரைக்குச் சான்று திரட்ட மலைச்சாலையின் மூன்றாம் வளைவுக்குச் சென்றேன். ஒரு மகிழுந்தின் சாளரத்திலிருந்து வறுவல் பொட்டலம் நீட்டப்பட்டது. குரங்குக் கூட்டம் முண்டியடித்தது. நான் பாய்ந்து சென்று சாளரத்தைத் தட்டினேன்.

"ஐயா! நீங்கள் நீட்டுவது உணவன்று, நஞ்சு!"

உள்ளே இருந்தவர் அஞ்சிப்போனார். "எக்ஸ்பைரி டேட் எல்லாம் பாத்துத்தான் சார் வாங்கினேன். பாவம், அதுக்குப் பசிக்குது சார்."

"அதன் பசியைப் போக்க மலை இருக்கின்றது! உம் பாவத்தைப் போக்க எந்த அருவி இருக்கின்றது?"

பின்னிருக்கைக் குழந்தை அழத் தொடங்கிவிட்டது. வனக்காவலர் பிரிசில்லா ஓடிவந்தார். சென்ற ஆண்டு இங்கு மாற்றலாகி வந்தவர். அவர்களைப் பணிவாக அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க சொன்னது சரிதான். சத்தந்தான் சாஸ்தி. குரங்கு மெரண்டா முதல்ல அந்தப் பிள்ளையத்தான் புடிக்கும்."

பிறகு சுருட்டிய கையேடு ஒன்றை விரித்துக் காட்டினார். நாள்தோறும் கூட்டம் எங்கே, எப்போது நிற்கிறது என்று குறித்து வைத்திருக்கிறார்.

"இதுல ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. இந்தக் கூட்டம் நாலரை வர ரோட்டுல நிக்கி. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இருக்காது. எவ்வளவு காரு வந்தாலும் விட்டுட்டு, மொத்தமும் ஊருக்குள்ள எறங்கிருது. அஞ்சு மணிக்கு ஊருக்குள்ள என்ன இருக்கு ஐயா?"

ஊரில் குப்பை மிகுதி என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆனி 9, திங்கள்

மழை. பொரி தீர்ந்தது.

ஆனி 11, புதன்

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயைக் குரங்கு கடித்துவிட்டது. வலக்கைப் பெருவிரல். எலும்பு தெரிந்தது. தெருவார் மூன்று சக்கரத் தானியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். சுற்றுலாவினர் விளைத்த கேடு எந்த வீட்டுக்குள் வந்து முடிகின்றது பாருங்கள். இதை உரையில் சேர்க்க வேண்டும்.

இன்று குத்தாலிங்கம் கடை திறக்கவில்லை. கொழுந்தியாள் மகளுக்குச் சடங்கு என்று சங்கரன்கோவில் போயிருந்தார்.

ஆனி 13, வெள்ளி

ஆவுடைத்தாயைக் காணச் சென்றேன். கை கட்டுக்குள் இருந்தது. எதிரே சுளகில் பீடி இலையும் தூளும் தொட்டவர் இன்றி உலர்ந்துகொண்டிருந்தன. அறுந்த நரம்பு சேர இரண்டு மாதம் ஆகும் என்றாராம் மருத்துவர்.

"இருவத்திரண்டு வருசமாச் சுத்துத கை அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டுச் சுத்துவேன். இந்த மாசம் கட்டுக் குடுக்கலன்னா பீடிக் கடையில பேர வெட்டிருவாவ. அப்புறம் பாசு புக்கு போச்சு, பென்சன் போச்சு. ஊசி போட்டாச்சு, செத்துப்போவமாட்டேன்னு டாக்டர் சொல்லுதாரு. அதான இப்பப் பிரச்சினையே."

தானே சொல்லித் தானே சிரித்தாள். நான் அரசு, துறை, பொறுப்பின்மை என்று தொடங்கினேன். அவள் நடுவில் புகுந்தாள்.

"நீங்க தெனமும் அஞ்சு மணிக்கு 'பெருமக்களே'ன்னு ஒரு சத்தம் குடுப்பீயல்லா. அது கேட்ட ஒடனே நான் சுளகத் தூக்கிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திருவேன். மூணு வருசமா அதான் நமக்கு மில்லுச் சங்கு. அன்னைக்கு ஒரு கட்டு பாக்கி. முடிச்சிட்டு எந்திப்போம்னு உக்காந்துட்டேன். எப்பமும் பொரியத் தின்னுட்டுப் போயிரும், அன்னைக்கு ஏன்னு தெரியல, நேரா இங்கன குதிச்சிட்டு. இலையக் கிளறுச்சு. வாரியல ஓங்குனேன். அம்புட்டுத்தான்."

சாரல் இவ்வாண்டு மிகுதி என்று சொன்னேன். ஆமாம் என்றாள்.

ஆனி 14, சனி

ஐந்து மணிக்குப் பின்கட்டில் வாய் திறவாமல் நின்றேன். சுவர் வெறுமையாக இருந்தது. ஐந்தேகால், ஐந்தரை. எங்கோ தொலைவில், மலைச்சரிவின் மரங்களில் மட்டும் ஓர் அசைவு.

ஐந்தரைக்கு ஒரே ஒரு சொல் சொன்னேன். "பெருமக்களே."

உரக்கக்கூட இல்லை. மாமரம் அசைந்தது. அடுத்து முருங்கை. நான் எண்ணி முடிப்பதற்குள் இருபத்தேழு பேர் சுவரில் அமர்ந்து என் கையைப் பார்த்தனர். என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

எழுதிவிடுகிறேன். அன்று, 11ஆம் நாள், பொரி இல்லை என்பது எனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பதினொரு நாளே இருக்கின்றது, ஒத்திகை தவறக் கூடாது என்று பேசினேன். முழு உரையையும் பேசினேன். முடிந்ததும் அவை காத்திருந்தது. காது கிழிந்தவன் இறங்கி வந்து என் வேட்டியைப் பிடித்திழுத்தான். வெறுங்கையை விரித்துக் காட்டினேன், பல்லைக் காட்டினான். நான் உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டேன். அடுத்து நான் கேட்டது ஆவுடைத்தாயின் அலறல். கதவைத் திறக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. தெருவார் வந்த பிறகுதான் திறந்தேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். மேடைகளை நான் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்றாண்டாக என்னை எவரும் அழைக்கவில்லை.

ஆனி 18, புதன்

காலையில் குத்தாலிங்கமும் பிரிசில்லாவும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கூண்டு வைப்பவரை வெளியூரிலிருந்து பேசியாகிவிட்டதாம். அதற்குத் தகுந்த இடமும் பார்த்தாகிவிட்டதாம்: என் பின்கட்டு.

"அண்ணாச்சி வீட்டுச் செவுத்துலதான் எப்பமும் கெடக்குதுன்னு ஊரே சொல்லுது" என்றார் குத்தாலிங்கம். "உங்க வீட்டுல என்னதான் வச்சிருக்கீயளோ! ஒரே நாளுல அம்புட்டையும் அள்ளிரலாம்."

"அனுமதி இல்லாம ஒரு கூண்டும் வைக்க முடியாது" என்றார் பிரிசில்லா. "அனுமதி கெடைச்சாலும், அள்ளிக் கொண்டுபோய் விடுத காட்டுல ஏற்கெனவே வேற கூட்டம் இருக்கும். கடிச்சிக்கிட்டுச் சாவும். இங்க சோறு கெடக்குத வரைக்கும், காலியான எடத்துக்குப் புதுக் கூட்டம் வரும். நீங்க குரங்கத்தான் மாத்துவீங்க அண்ணே, கதைய மாத்தமாட்டீங்க."

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்லுத?"

"சோத்த நிறுத்தணும். எல்லாரும். ஒரே நாளுல. முதல் மூணு வாரம் ரொம்ப மொரண்டு புடிக்கும், ஓட்டப் பிரிக்கும். தாங்கிட்டா மலைக்குத் திரும்பிரும்."

"தாங்குறதுக்கு நீ டூட்டி முடிஞ்சு குவார்ட்டர்சுக்குப் போயிருவ. நாங்கல்லா இங்க கெடக்கணும்!"

இருவரும் என்னைப் பார்த்தனர். பிரிசில்லா என் பொரிப் பானையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கூண்டு வந்தால் இருபத்தேழு பேரும் போய்விடுவார்கள். அவர்களோடு எல்லாமும் போய்விடும். ஆவுடைத்தாய் வாய் திறவாவிடில் எவரும் எதையும் அறியமாட்டார். சுற்றுலாவினரைச் சாடும் உரை எழுதி முடித்து அணியமாக இருக்கின்றது. ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. எண்ணிச் சொல்கிறேன் என்றேன். நாற்பதாண்டு மேடை வாழ்வில் எண்ணிச் சொல்கிறேன் என்று நான் சொன்னது இதுவே முதல் முறை.

ஆனி 21, சனி

ஆவுடைத்தாய் இடக்கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மீட்டிங்ல என் பேரச் சொல்லுவீயளா?"

"உன் துயரை ஊரறியச் சொல்வேன்."

"பேரு வேண்டாம் அண்ணாச்சி. ஊருக்கு நான் கைய நீட்டிக்கிட்டு நிக்க மாதிரி இருக்கும். குரங்கையும் ரொம்ப வையாதீய, அது என்ன செய்யும்? யாரு பழக்குனான்னு சொல்லுங்க. அது போதும்."

நான் தலைநிமிரவில்லை. கஞ்சிக்கு ஊறுகாய் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனி 22, ஞாயிறு

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

கடைத்தெரு நிறைந்திருந்தது. முந்நூறு பேராவது இருப்பர். துண்டைத் தோளில் சரிசெய்து ஒலிவாங்கியின் முன் நின்றபோது, ஊர் முழுவதும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள் என்பதைக் கண்டேன். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அமைதியாக, வேறு சொல்லில், தாழ்ந்த குரலில் தொடங்கியிருக்கலாம். அப்படித் தொடங்கி, அணியமாக வைத்திருந்த உரையைப் பேசி, மாலையும் பெற்றுத் திரும்பியிருக்கலாம்.

"பூலாங்காட்டுப் பெருமக்களே!" என்று முழு மிடற்றோடு முழங்கினேன்.

கைத்தட்டினர். நான் பேசாமல் நின்றேன். "ஏன் அண்ணாச்சி, மறந்துபோச்சா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்தனர். அதற்குள் மேற்குப் பக்கக் கூரைகளில் தடதடவென்று ஓசை. தேநீர்க் கடைத் தகரத்தின்மேல் ஒவ்வொன்றாக வந்து, வரிசையாக அமர்ந்தன.

"அன்னா பாருங்க! மீட்டிங்குக்கே வந்துட்டு! எம்புட்டுத் தைரியம்!" என்று குத்தாலிங்கம் கத்தினார்.

"கூப்பிட்டேன், வந்தன" என்றேன். "மூன்றாண்டாக நாள்தோறும் ஐந்து மணிக்கு இதே சொல்லால் கூப்பிட்டுப் பொரி கொடுத்துப் பழக்கியவன் நான். என் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் கூலி கொடுத்து அவை கூட்டினேன். 11ஆம் நாள் கூப்பிட்டேன், கூலி கொடுக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டேன். என் கடனை அடுத்த வீட்டுப் பெண் தன் விரலால் கொடுத்தாள்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"ஏவே பேச்சாளரே! அப்ப அந்த அக்கா கையக் கடிச்சது குரங்கு இல்ல, நீருதான்!"

"ஊருக்கெல்லாம் உபதேசம்! கீழ எறங்கும்வே!"

பாதி தின்ற உளுந்து வடை ஒன்று பறந்து வந்து என் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. அது விழுந்த வேகத்தில் ஒரு தாய்க்குரங்கு கூரையிலிருந்து குதித்து, மேடையேறி, வடையை எடுத்துக்கொண்டு போனது.

கூட்டம் அதைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"எறிந்தவர் யாரோ, அவரும் இப்போது என்னைப் போல் ஒருவர்" என்றேன். "நான் பொரி. அவர் வடை. கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் பொங்கல். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சிலை. மகிழுந்துக்காரன் பழம் வீசுகிறான், உண்மை. அந்தப் பழத்தைச் சீப்புச் சீப்பாக, குரங்குக்கென்றே கட்டி விற்பது யார்?"

குத்தாலிங்கம் ஒலிவாங்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டார். கம்பி இல்லாமலும் என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் மேலும் பேசவில்லை. பிரிசில்லா மேடையேறிப் பேசியதை மக்கள் கேட்டனர். முடிவில், எல்லாரும் சோற்றை நிறுத்திப் பார்க்க ஆடி மாதக் கடைசிவரை தவணை. அதற்குள் குரங்கு மலைக்குத் திரும்பவில்லையேல் கூண்டு. குத்தாலிங்கமும் இதற்கு இணங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் இணங்கினார்.

மாலை எனக்கு விழவில்லை.

ஆனி 24, செவ்வாய்

தெருப்பெண்கள் நால்வர் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி ஆவுடைத்தாயின் பெயரில் கட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. இலை வெட்ட ஆளில்லை. நான் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இது என்ன அண்ணாச்சி, எலி கொறிச்ச மாதிரி இருக்கு. அளவுத் தகட்ட வச்சு வெட்டுங்க. நரம்பு நடுவுல வராம."

வெட்டினேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடினேன். எல்லாச் சொல்லும் மேடைச் சொல்லாக வந்தது. "என்னால்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்லா" என்றாள். "கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன். இலைய வெட்டுங்க."

ஐந்து மணிக்கு அவை வந்தது. நான் கூப்பிடாமலே வந்தது. கதவைச் சாத்தி உள்ளே இருந்தோம். ஓட்டின்மேல் நடந்தன, ஒன்றிரண்டை உருவி எறிந்தன. குட்டி ஒன்று விடாமல் கத்தியது. நான் கத்தரியைக் கீழே வைத்தேன். ஆவுடைத்தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்தீய, கத்தரியால குத்திருவேன்" என்றாள். இருட்டும்வரை இலை வெட்டினேன்.

ஆனி 29, ஞாயிறு

கண்டனக் கூட்டம் முடிந்து ஏழு நாள் ஆயிற்று. சுவரில் நேற்று பதினெட்டுப் பேர், இன்று பதினொருவர். என் வீட்டில் பதினாறு ஓடு போனது. ஆயினும் பிரிசில்லாவின் கையேடு வேறு செய்தி சொல்கின்றது: என் சுவரை விட்டவை மலைக்குப் போகவில்லை. தேநீர்க் கடையின் பின்பக்கமும் மண்டபத்து எச்சிலைக் குழியும் நிறைந்திருக்கின்றன. கூண்டுகள் இன்று காலை வந்து ஊராட்சி அலுவலகத்தின் பின்னால் இறங்கிவிட்டன. ஆறு கூண்டுகள். அவற்றின் கம்பிகளில் வேறு எங்கோ பிடிபட்டவற்றின் மயிர் ஒட்டியிருக்கின்றது.

உரத்துப் பேசுவது எனக்கு இப்போது தடை, நானே விதித்துக்கொண்டது. ஆகவே எழுதினேன். ஒரே செய்தியை நாற்பது தாளில், கையெழுத்தில். நாளை விடியலில் ஒவ்வொரு கதவிலும் செருகுவேன். முதல் தாள் குத்தாலிங்கத்துக்கு. அதன் நகல்:

"பூலாங்காட்டில் கதவு உடைய ஒவ்வொருவருக்கும்: நான் குற்றவாளி. இதை நீங்கள் அறிவீர்கள், சொல்லிக்காட்டியும் விட்டீர்கள். இனி எவ்வளவு சொன்னாலும் ஒரு பெண்ணின் விரல் வளையாது. கூண்டு திறக்க மீதமுள்ள நாள் முப்பத்து மூன்று. நான் ஒருவன் நிறுத்தியதால் பசி தெரு மாறியிருக்கின்றதே அன்றித் தீரவில்லை. நாளை அது குதிக்கும் முற்றத்தில் இருக்கப்போவது உங்கள் தாயாக இருக்கலாம், பள்ளி விட்டு வரும் உங்கள் மகளாக இருக்கலாம். கடைக்காரரே, பழச்சீப்பைக் கூரையிலிருந்து கழற்றும். மண்டபத்தாரே, எச்சிலைக் குழியை மண்ணிட்டு மூடும். கோயிலாரே, மிஞ்சிய பொங்கலை மனிதர் கையில் கொடும். இல்லத்தீரே, பின்வாசலில் திறந்து கிடக்கும் கூடையை உள்ளே எடுத்து மூடி போடுங்கள். என்னை வைவதற்குப் பொழுது பிறகும் இருக்கும். இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். மாலையில் அன்று, நாளை அன்று. இப்போதே போங்கள், மூடுங்கள்!"